அரை நொடி

எண்ணெய் மேடைக்குக் கிளம்பும்போது
ஐவின் ஒரே ஒரு சத்தியம்தான் வாங்கிக்கொண்டான்:
நான் இல்லாமல் பார்க்கக் கூடாது.
மற்ற சத்தியங்களையெல்லாம்
கல்யாணத்தன்றே பாதிரியார் வாங்கிவிட்டார்.

ஏழாவது எபிசோடின் முடிவில்
கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் ஒருத்தி நின்றாள்,
கையில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
அவளை அப்படியே நிற்கவைத்துவிட்டு
நாங்கள் படுக்கப் போனோம்.
ஹெலிகாப்டர் காலை ஆறு இருபதுக்கு.

திங்கள் முழுக்க அவள் நின்றாள்.
நான் மீன்பண்ணையில் பேன் எண்ணுகிறவள்.
கூண்டுக்கு இருபது சால்மன்,
மயக்க நீரில் போட்டு, புரட்டி,
முதிர்ந்த பெண் பேன் எத்தனை, குஞ்சு எத்தனை என்று எழுதி
கீழே தோருன் என்று கையெழுத்திட வேண்டும்.
அன்று பதினொன்றாவது மீனில் கணக்கு தவறியது.
இந்நேரம் அவளுக்குக் கால் வலிக்குமே
என்று நினைத்துவிட்டேன்.

ஃப்ளோரோவில் டிசம்பர் என்றால்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
செவ்வாய் இரவு மழை பக்கவாட்டில் பெய்தது.
செருப்பு யாருடையது என்று மட்டும் பார்த்துவிட்டு
அணைத்துவிடுவேன்.

தெரிந்தது.
தெரிந்ததும் ஒரு கதவு திறந்தது,
கதவுக்குப் பின்னால் ஓர் அண்ணன் இருந்தான்.
அண்ணன் உண்டென்று யாருமே சொல்லவில்லை.
திரை மூலையில் எண்கள் இறங்கின.
ஐந்து, நான்கு,
ரிமோட் என் கையில்தான் இருந்தது
மூன்று
கட்டைவிரலும் என்னுடையதுதான்
இரண்டு
நிறுத்துவதற்குத்தான் ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.
தொடர்வதற்கு யாரும் தேவையில்லை.

வெள்ளி விடியற்காலையில் கதை தீர்ந்தது.
மூன்று இரவு என்னோடு தங்கியவர்கள்
சொல்லாமல் கொள்ளாமல்
வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.
யோசித்துப் பார்த்தால் எதுவும் ஒழுங்காக நினைவில்லை.
பத்தில் செத்தவன் எட்டில் எதற்கு அழுதான்?
தட்டில் உலர்ந்த பாலாடைக்கட்டி,
அதை வெட்டியது எந்த நாள்?

பேன் கணக்கில் இதுவரை
ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை நான்.
அன்று உட்கார்ந்து
ஒவ்வொரு எபிசோடின் சிவப்புக் கோட்டையும்
பின்னால், பின்னால், பூஜ்யம் வரை இழுத்தேன்.

அவன் வந்தான். குளித்தான்.
மேடையில் நெட் மகா மோசம் என்றான், நான் கேட்காமலே.
சோபாவில் அவனுடைய பள்ளத்தில் அவன்,
என்னுடையதில் நான்.
அண்ணன் வந்தபோது
"அய்யய்யோ" என்றேன்.
கொஞ்சம் அதிகமோ என்று பட்டது.
அடுத்த அதிர்ச்சிக்கு மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டேன்.
பழகப் பழக வந்துவிடுகிறது.

பிறகு பத்தாவதில்,
யாரும் யாரையும் சந்தேகிக்காத ஒரு காட்சியில்,
சமையலறையில் முட்டை வேகிறது, வானொலி பாடுகிறது,
ஐவின் தன் காபிக் கோப்பையை
மெதுவாக மேசைமேல் வைத்தான்.

அரை நொடி.

துப்பாக்கி வெடித்தது.
"அட!" என்றான்.

இடி இடித்தால்
சட்டையெல்லாம் காபி கொட்டிக்கொள்கிற மனிதன் அவன்.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆனால் தெரிந்தது வேறு:
கடல் நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் மேடை,
அதில் அலமாரி அகலத்துக்கு ஓர் அறை,
எவனோ நண்பனின் கணக்கில்
போர்வைக்குள் ஒளிரும் கைபேசி,
ஐந்து, நான்கு, மூன்று,
காலைப் பணியை நினைத்து
ஒரு கெட்ட வார்த்தை,
இரண்டு.

எந்த இரவாக இருக்கும்?
செவ்வாயாக இருந்தால்
நாங்கள் சேர்ந்துதான் பார்த்திருக்கிறோம்.

பெயர்கள் ஓடின.
"தூக்கம் வருதா?" என்று கேட்டான்.
"இல்லை. என்ன ஆகிறதென்று தெரிந்துகொள்ளணும்."
"எனக்கும்" என்றான், என் பக்கம் திரும்பாமல்.

கோப்பையை மீண்டும் எடுத்துக்கொண்டான்.
இன்னும் இரண்டு எபிசோடு.
கடைசியில் அந்த அம்மாவின் கடிதம் வரும்.
அதற்கு அரை நொடி முன்
அவன் முகம் என்ன செய்யும்
என்பதற்காக
விழித்திருந்தேன்.